பதினோரு வீட்டுக்கு நானே போட்ட போன்

எல்லாப் பெண்களையும் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள். என்னைப் பெண் பார்க்க வரச் சொல்லி நானே போன் போட்டு அழைத்திருக்கிறேன். ஒரு வீட்டை அல்ல, பதினோரு வீட்டை. இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அப்பா கண்டக்டராக இருந்த டவுண் பஸ்ஸில் ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் இந்தக் கதை ஏற்கெனவே தெரியும்.

அப்போது நான் தாவரவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று எங்கள் துறைத் தலைவர் சிவகாமி மேடத்திடம் தினமும் புகார் போகும். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பேச்சை உருப்படியா எங்கயாவது பேசு. இன்னையிலருந்து நீதான் மாணவத் தூதர்" என்றார். பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து, நடக்கப்போகும் சந்திப்புக்கு வரவழைப்பதுதான் தூதரின் வேலை. நீல நிறத்தில் ஒரு பட்டையும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது தண்டனை என்பது புரியாமல் அதைத் தோளில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஜங்ஷன் போகும் பஸ்ஸில் டிக்கெட்டோடு சேர்த்து இந்தச் செய்தியையும் கொடுத்திருக்கிறார். "எம் மவள தூதராப் போட்டுருக்காவ அண்ணாச்சி!"

"எந்த நாட்டுக்கு வே?"

அப்பா அசரவில்லை. "இப்பதான போட்டுருக்காவ. நாடு இனிமேத்தான் சொல்லுவாவ."

மேடம் என்னிடம் ஒரு பட்டியலும் ஒரு படிவமும் தந்தார். பட்டியலில் ஒன்பது வருடத்துக்கு முன் படித்து முடித்த நாற்பது பேர். படிவத்தில் ஐந்து கேள்விகள். பெயர், பார்க்கும் வேலை, வேலை பார்க்கும் ஊர், திருமணம் ஆகிவிட்டதா, எப்போது ஊருக்கு வருவீர்கள். நான்காவது கேள்வி சாப்பாட்டுக்காக. குடும்பத்தோடு வருகிறார்களா என்று தெரிந்தால்தானே இலைக்கணக்குச் சொல்ல முடியும்?

இதில் கோளாறு எங்கே என்றால், பட்டியலில் இருந்த எண்கள் எல்லாம் அவர்கள் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் எழுதியவை. அதாவது பெற்றோர் எண்கள். நான் நாற்பது மாணவர்களுக்குப் போன் போட்டேன், எடுத்தது முப்பத்தொன்பது அம்மாக்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சம்பந்தம் என்ற சொல்லை யாரும் முதலில் எடுக்க மாட்டார்கள். வேறு ஏதோ காரணம் சொல்லிப் போன் வரும். பையன் என்ன வேலை, எந்த ஊர், இன்னும் கல்யாணம் முடியவில்லையா என்று பைய விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். எங்கள் அம்மாவே, அத்தை மகளுக்காக, கேஸ் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டை விசாரித்தவள்தான். (சிலிண்டர் எப்போ வரும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டதில் அம்மா போனை வைத்துவிட்டாள்.) இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த நான், முப்பது வயது ஆகியும் மகனுக்குப் பெண் அமையாத வீடுகளைத் தேடிப் பிடித்து, "உங்க மகனுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?" என்று தேன் குரலில் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் விடுவார்களா?

"இன்னும் இல்ல தாயி. நீ யாரு மவ? எந்த ஊரு?"

"டவுணுதான். அப்பா பஸ் கண்டக்டர். நான் ஒரே பொண்ணு." பழைய மாணவர் குடும்பங்களோடு நெருக்கமாகப் பேச வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு.

"சொதி வைக்கத் தெரியுமா?"

சொதி என்பது எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பு. அதைக் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நல்லா வைப்பேன்!" என்றேன். வெந்நீர் வைத்தால்கூடக் கருக விடுகிறவள் நான். கடைசியில் சந்திப்புத் தேதியைச் சொல்லி, "குடும்பத்தோட வாங்க" என்றும் எல்லா வீட்டையும் அழைத்தேன்.

நாற்பதில் ஒரு வீட்டில் மட்டும், பிரேமா என்று மகளின் பேரைச் சொன்னதுமே, "அப்படி யாரும் இங்க இல்ல" என்று ஓர் ஆண் குரல் வைத்துவிட்டது. தவறான எண் என்று குறித்துக்கொண்டேன்.

கடைசியாக அம்பாசமுத்திரத்தில் சங்கரன் என்பவரின் வீடு. எடுத்தவர் அவருடைய அம்மா வடிவம்மாள். மற்றவர்களைப் போல அவர் சொதியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் டவுண் பெண்ணா, அதே கல்லூரியா, அதே படிப்பா என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு அவன் வருவானா தாயி?"

சங்கரனிடம் நான் பேசவே இல்லை. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பட்டியலில் 'வருகிறார்' என்ற பத்தி காலியாக இருந்தது, மேடம் தினமும் அதைத்தான் பார்த்தார். "கண்டிப்பா வருவாங்கம்மா" என்று சொல்லி ஒரு டிக் போட்டேன்.

சந்திப்பு நாளன்று பத்து மணிக்கே அரங்கம் களைகட்டிவிட்டது. மேடத்தின் முகம் மலர்ந்தது. பத்தரைக்கு உற்றுப் பார்த்தார். "என்ன இது, எல்லாருக்கும் அறுபது வயசு இருக்கும் போலிருக்கே? ஒன்பது வருஷம் முன்னாடி படிச்சவங்க எங்க?"

உண்மையிலேயே பழைய மாணவர் என்று வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் தொலைந்துபோன மாற்றுச் சான்றிதழைப் பற்றிக் கேட்க வந்தவர். மற்றபடி அரங்கம் முழுக்கப் பட்டுச்சேலையில் அம்மாக்கள், துணைக்கு அத்தைமார்கள். பதினோரு வீடு.

நீலப் பட்டையைப் பார்த்ததும் ஒரு அம்மா, "அங்கன போயித் தண்ணி கொண்டாம்மா" என்றார். கொண்டுவந்தேன். அடுத்த வரிசையிலும் தண்ணீர் கேட்டார்கள். ஆறு முறை நடந்த பிறகுதான், யாரும் குடிக்கவில்லை, நான் நடப்பதைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. ஒருவர் என் பின்னலைப் பிடித்துப் பைய இழுத்துப் பார்த்து, "சவுரி இல்லக்கா" என்று பக்கத்தில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, மகள் மேடையில் பேசுவதைப் பார்க்கலாம் என்று அப்பா காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். "பொண்ணோட அப்பா கண்டக்டருன்னு சொன்னாள்லா, இவுகதான்!" என்று ஒரு குரல். இரண்டு அம்மாக்கள் எழுந்து ஓடினார்கள்.

"சம்பந்தி, சாதகம் கொண்டாந்திருக்கேன்."

"இந்தா, நில்லுங்க. எங்க வீட்டுலதான் மொதல்ல பேசுனா!"

"ஒங்க வீட்டுலயுமா பேசுனா?"

பதினோரு வீட்டு முகங்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. கையில் இரண்டு ஜாதகங்களோடு நின்ற அப்பா, "ஏட்டி, என்னட்டி செஞ்சு வச்சிருக்க?" என்றார். மேடம் மைக்கை அணைக்க மறந்துவிட்டு, "அய்யோ, எந்தக் கேள்விய முதல்ல கேட்டே நீ?" என்றது அரங்கம் முழுக்க ஒலித்தது.

நான் ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்த ஆய்வகத்தில் புகுந்துகொண்டேன். மைக்ராஸ்கோப்புகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து அழத் தொடங்கும்போது, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். நூல் சேலை, கையில் துணிப்பை. ஜாதகம் எதுவும் இல்லை.

"அம்பாசமுத்திரத்துலருந்து வாரேன். சங்கரு அம்மா." என் முகத்தையே பார்த்தார். "ரொம்பச் சின்னப் பிள்ளையா இருக்கியே தாயி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க செஞ்சது தப்புதான். கூடப் படிச்ச டவுணுப் பிள்ளையக் கட்டுதேன்னு அவன் சொன்னப்ப, வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அவுக அப்பா சொன்னாவ. நானும் வாயத் தொறக்கல. அவுகளும் போயிச் சேந்துட்டாவ. நாலு வருசமாச்சு, அவன் குரலக் கேக்கல. நீ போன்ல பேசவும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒன்னையக் கையெடுத்துக் கும்பிடுதேன். நீ சொன்னா வருவான். வரச் சொல்லு."

நான் டிக் போட்ட அந்தப் பத்தி கண் முன்னால் வந்தது. அழுகை நின்றுவிட்டது. எனக்காக அழுவதற்கு அங்கே இடமே இல்லை. அந்தப் பெண் நான் இல்லை என்று சொன்னேன். படிவத்தைக் காட்டினேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அதற்குப் பதிலாக அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

"அவர் நம்பர் இருக்கா அம்மா?"

துணிப்பைக்குள் இருந்த பர்ஸிலிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். "அவன் கூட்டாளி குடுத்தான். நாலு மாசமா வச்சிருக்கேன். எங்குரலக் கேட்டு வச்சிட்டான்னா?"

நான் போன் போட்டேன். சத்தமாகக் கேட்கும்படி வைத்து மேஜையில் வைத்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டுத்தான். அதையே பாடினேன்.

"வணக்கம், தாவரவியல் துறை மாணவத் தூதர் பேசுகிறேன். சின்னப் படிவம் சார், ரெண்டே நிமிஷம்."

"சொல்லும்மா, சீக்கிரம்." நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கு நாற்று வளர்க்கும் இடத்தில் வேலை என்றார்.

"திருமணம் ஆகிவிட்டதா?"

"ஆயிட்டு. மூணு வருசம். எங்கூடப் படிச்ச பிரேமாதான், பட்டியல்ல இருப்பா பாரு."

இருந்தார். தவறான எண் என்று நான் குறித்து வைத்திருந்தேன்.

வடிவம்மாள் என் முழங்கையைக் கிள்ளி, "புள்ள?" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"குழந்தைகள் சார்?"

"ஒரு பொண்ணு. ரெண்டு வயசு."

மறுபடியும் ஒரு கிள்ளு.

"பேரு?"

"இதெல்லாமா படிவத்துல இருக்கு?"

"இருக்கு சார்." (இல்லை.)

"வடிவு."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. படிவத்தின் ஓரத்தில் அந்தப் பேரை எழுதினேன். ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"எப்போது ஊருக்கு வருவீர்கள்?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "அங்கன யாராவது வரச் சொல்லணும்லா?"

வடிவம்மாள் போனின் பக்கம் குனிந்தார். "ஏலே சங்கரு. நாந்தாம்லே. சாப்பிட்டியா?"

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. அம்மாவும் அழுதார், ஆனால் அழுகைக்கு நடுவிலேயே கணக்காகக் கேட்டார். "புள்ளைக்குக் காது குத்தியாச்சா?"

"இல்லம்மா. தாய்மாமன் மடியில வச்சுல்லா குத்தணும். அவ வீட்டுலதான் பேச்சே இல்லியே."

வடிவம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த வீட்டுக்கும் நீயே ஒரு போன் போடு தாயி. ஒனக்குத்தான் போன்ல நல்லாப் பேச வருதே."

மாதம் ஒருமுறை என்று ஆறு மாதம் போட்டேன். ஐந்து முறை வைத்துவிட்டார்கள். ஆறாவது முறை அதே ஆண் குரல், பிரேமாவின் அண்ணன், "புள்ள யாரு மாதிரி இருக்கு?" என்று கேட்டது. காதுகுத்து அம்பாசமுத்திரத்தில் நடந்தது. அண்ணன் பந்தலுக்கு வெளியே வெகு நேரம் நின்றுவிட்டுக் கடைசியில் வந்து உட்கார்ந்தார். பிள்ளை அவர் மடியில் அழுதது, அவர் பிள்ளையைவிடச் சத்தமாக அழுதார். எனக்கும் இலை போட்டார்கள். "சொதி நீ வச்சிருக்கணும்" என்றார் வடிவம்மாள். ஒருமுறை வைத்தும் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

தூதர் பதவி அன்று மாலையே போய்விட்டது. பதினோரு வீட்டில் பத்து வீடுகள் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, அதற்குப் பிறகு எங்கள் வாசலில் ஒரு வரனும் வந்து நிற்கவில்லை. புது எண்ணிலிருந்து போன் வந்தால், "தூதருக்கு வேலை வந்துட்டு" என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

நான் இப்போது ஹைதராபாத்தில் ஒரு விதை நிறுவனத்தில் இருக்கிறேன். சங்கரன் குடும்பம் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், சின்ன வடிவு டவுணில் எங்கள் வீட்டுக்கும் இரண்டு நாள் வந்து தங்குவாள். பத்து வயதாகிறது. போன வாரம் அவளிடமிருந்து போன்.

"வணக்கம், மாணவத் தூதர் பேசுகிறேன். சின்னப் படிவம், ரெண்டே நிமிஷம். பெயர்?"

சொன்னேன். வேலை சொன்னேன், ஊர் சொன்னேன்.

"திருமணம் ஆகிவிட்டதா?"

"பரிசீலனையில் இருக்கிறது என்று எழுது."

"எப்போது ஊருக்கு வருவீர்கள்?"

அவள் குரலுக்குப் பின்னால் எங்கள் வீட்டு அடுப்படிக் குக்கர் விசில் கேட்டது. யாரோ அதைச் சட்டென்று அணைத்தார்கள். போன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் அம்மா எப்படி மூச்சுவிடாமல் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? நான் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"கண்டிப்பா வருவேன்" என்றேன்.

"கண்டிப்பான்னு சொன்னா டிக் போடக் கூடாதாம் அத்தை. தேதி சொல்லணுமாம்."

காலண்டரை எடுத்துவந்து தேதி சொன்னேன்.