கான்தாபாமோஸை வெட்டிய ஐவர்

ஒரு நாட்டின் பெருமை அதன் படையிலோ பாலங்களிலோ இல்லை. தன் வினைச்சொற்களை அது எப்படிக் கூறு போடுகிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த வகையில் ஸ்பெயின் பாக்கியம் செய்த நாடு. பலென்சியா நகரத் தேர்வுக் குழுவின் ஐந்து மேதைகள் அன்று காலை இதற்காகவே வியர்வை சிந்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் முன் நின்றவள் காசில்தா, பல வருடங்களாகத் தற்காலிக மொழியாசிரியை. செப்டம்பரில் ஏதோ ஓர் ஊரில் வேலை கிடைக்கும், ஜூனில் போய்விடும். கார் மேல் மெத்தையைக் கட்டிக் கட்டி அவளுக்கு அலுத்துவிட்டது. இந்த நிரந்தரப் பதவி கிடைத்தால் ஒரே ஊரில் நிம்மதியாகப் படுக்கலாம்.

கரும்பலகையில் ‘கான்தாபாமோஸ்’ என்று எழுதியிருந்தது. ‘பாடிக்கொண்டிருந்தோம்’ என்று பொருள். அசை பிரித்தாள்: கான்-தா-பா-மோஸ். ஐவரும் தலையாட்டினார்கள். பிறகு பகுதி, விகுதி என்று இலக்கண உறுப்புகளாகப் பிரித்தாள்: கான்த்-ஆ-பா-மோஸ்.

“ரொம்பச் சரி. நாலு துண்டு,” என்றார் தலைவர் தோன் எலெயுத்தேரியோ.

“மூணு,” என்றார் செயலர் தோன்யா விசி. “ஆ-வும் பா-வும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்குன்னு நிரூபிச்சுத்தானே நான் டாக்டர் பட்டமே வாங்கினேன்.”

“அந்தப் பட்டத்தை நான் அப்பவே எதிர்த்தேன்,” என்றார் தலைவர்.

காசில்தா மெல்லக் குறுக்கிட்டாள். “ரெண்டு விதமாவும் பிரிக்கலாம்னு புத்தகத்துலயே இருக்கு. ரெண்டையும் எழுதட்டுமா?”

“அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?” என்று ஐவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

பதினொரு மணி ஆனதும் காப்பிக்குப் போவதிலும் அதே ஒற்றுமை நிலவியது. தேர்வு எழுதுபவரோடு குழுவினர் பேசக்கூடாது என்பது விதி. ஆகவே, கடையில் இரண்டடி தள்ளி நின்ற காசில்தாவின் காதில் விழும்படி, உருளைக்கிழங்கு ஆம்லெட்டைச் சாப்பிட்டபடியே ‘ரகசியமாக’ விவாதித்தார்கள்.

“அவளுக்குக் குடுத்தா நீங்க ஜெயிச்சதா ஆயிடும்,” என்றார் விசி.

“அவளை விட்டுட்டு வேற யாருக்காவது குடுத்தா நீங்க ஜெயிச்சதா ஆயிடும்,” என்றார் தலைவர்.

“அப்ப யாருக்குமே வேண்டாம்.”

‘தகுதியுள்ளவர் எவருமில்லை’ என்று அறிவித்து, பதவியைக் காலியாகவே விட்டார்கள். காசில்தா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

செப்டம்பரில் தோன் எலெயுத்தேரியோவே தொலைபேசியில் கூப்பிட்டார். “காசில்தா, எங்க பள்ளியில அந்தப் பதவி காலியாவே கிடக்கு. பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்காங்க. ஜூன் வரைக்கும் தற்காலிகமா வந்துடுங்க.”

“எனக்குத் தகுதி இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“அட, அது பதவிக்குத்தாம்மா,” என்றார் அவர் அன்போடு. “பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த அதெல்லாம் யாரு பாக்கறா?”