மாமியார் உட்காரும் மூலை

"சனிக்கிழமை விழாவுக்கு அம்மா நம்ம வண்டியில வரலையாம். லுபேகா வண்டியில போறாங்களாம்."

"ஏனாம்?"

"சொல்ல மாட்டேங்குறாங்க. ஆனா நம்ம வண்டியில ஏறினா இறங்குற வரைக்கும் முனகிக்கிட்டேதானே வர்றாங்க. உங்களுக்குக் கேட்டதே இல்லையா?"

முத்யாபாவுக்குக் கேட்டதே இல்லை. திங்கட்கிழமை வாழைக்காய் உரித்துக்கொண்டே மனைவி நலுயிமா சொன்ன இந்தப் பேச்சு, வியாழக்கிழமை காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோதும் அவர் காதிலேயே நின்றது.

லுபேகா அவருடைய சகலை. தலைநகர் கம்பாலாவில் வேலை, புத்தம் புதுக் கார். மாமியாரின் தம்பி மகளைப் பெண் கேட்டு, மாப்பிள்ளை வீட்டார் சீர்க்கூடைகளோடு வரும் நாள் சனிக்கிழமை. பதினோரு வருஷமாக மாமியாரை எல்லா விசேஷத்துக்கும் அழைத்துப் போகும் மூத்த மருமகன், மொத்த உறவும் பார்த்திருக்க, காலி வண்டியில் போய் இறங்குவதா?

என்ன குறை என்று நேரில் கேட்டுவிடவும் வழியில்லை. அவர்கள் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் பக்கத்தில் நின்று பேசுவது மரியாதை ஆகாது. தவறித் தொட்டுவிட்டால் கை நடுக்கம் வரும் என்பார்கள். அதனால்தான் அந்த அம்மாள் எப்போதும் ஓட்டுகிறவருக்கு எட்டாத மூலையில், பின்சீட்டின் இடது ஓரத்தில் உட்காருவார். எது சொன்னாலும் மகள் வழியாகத்தான்.

பதினோரு வருஷம் ஒரே மூலை. இடது பின்சக்கரத்து ஸ்பிரிங் அமுங்கி, ஷாக் அப்சர்பர் எண்ணெய் கக்கி, ரப்பர் புஷ் எல்லாம் பொடிந்துவிட்டன. சின்னக் குழியில் இறங்கினாலும் பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம். பாவம், அந்த இடுப்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று முத்யாபாவுக்குக் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. மெக்கானிக் அடுத்த வாரம்தான் முடியும் என்று கையை விரித்ததும், காப்பிக்கொட்டை ஆலைக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுத் தானே இறங்கினார்.

மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி காரைத் தூக்குவதற்குப் பதிலாகத் தான் பூமிக்குள் இறங்கியது. அதற்கு அடியில் நலுயிமாவின் சப்பாத்திப் பலகையை வைத்தார். பலகை இரண்டாகப் பிளந்தது. மரக்கட்டையை வைத்து ஒருவழியாகத் தூக்கினால், துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. டீசல் ஊற்றித் தட்டினார். தலை மட்டும் தனியே வந்தது. மீதியை ரம்பத்தால் அறுத்தபோது ஹேண்ட்பிரேக் கேபிளும் சேர்ந்து அறுந்தது.

பக்கத்து வீட்டுக் கலன்ஸி வேலியோரம் தேநீர்க் கோப்பையோடு நின்று, அடுத்து அறுக்கப்போவது கார்க் கூரையையா என்று விசாரித்தார்.

பழைய சாமான் கடைக்காரன் இதே காருடையதுதான் என்று சத்தியம் செய்து இரண்டு ஸ்பிரிங் கொடுத்தான். அவற்றை மாட்டி வண்டியை இறக்கியதும் பின்புறம் வானத்தைப் பார்த்தது. முன்புறம் மண்ணை முகர்ந்தது.

"கவலைப்படாதப்பா," என்றார் கலன்ஸி. "மாமியாருக்கு முழங்கால் போட்டுக் கும்பிடுற கார் இந்த மசாக்கா ஊருலேயே உன்னுது ஒண்ணுதான்."

இந்த ஒரு தடவை லுபேகாவே கூட்டிப் போகட்டுமே என்று நலுயிமா மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"இந்த வண்டியிலதான் வருவாங்க," என்றார் முத்யாபா, முகமெல்லாம் கிரீஸோடு.

வெள்ளிக்கிழமை காலை பழைய ஸ்பிரிங்கையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், சுற்றுச் சுற்றாக அளந்து சரியான ஜோடியை வாங்கினார். புது ஷாக் அப்சர்பர், புது புஷ், புது கேபிள் எல்லாம் மாட்டி முடித்தார். சோதித்துப் பார்க்க வேண்டுமே. மாமியாரிடம் எடை கேட்கும் துணிச்சல் எந்த மருமகனுக்கும் கிடையாது. குத்துமதிப்பாக ஒன்றரை மூட்டை காப்பிக்கொட்டையை அந்த மூலையில் உட்காரவைத்து, குண்டும் குழியுமான ஊர் விளையாட்டுத் திடலை மூன்று முறை சுற்றினார். ஒரு சின்ன 'கிறீச்' கூட இல்லை.

மருமகன் பட்ட பாட்டை மகள் போய்ச் சொன்னதும், மாமியார் அரைமனதாகச் சரி என்றார்.

சனிக்கிழமை முத்யாபா சலவை மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியில் ஸ்டியரிங் பிடித்தார். வண்டி ஏரியில் படகு போவது போல் போனது. எந்தக் குழிக்கும் பின்சீட்டிலிருந்து சத்தமில்லை. மனம் நிறைந்து அவர் பாட ஆரம்பித்தார். வண்டி ஓட்டும்போதெல்லாம் பாட்டுத்தான் அவருக்கு. இன்று குரல் இரண்டு மடங்காக வந்தது.

பின்னாலிருந்து ஒரு முனகல் எழுந்தது.

திடுக்கிட்டு ஓரம் கட்டினார். வெள்ளை அங்கியோடு காருக்கு அடியில் நுழைந்து ஒவ்வொரு நட்டாகத் திருகிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. மறுபடி கிளப்பி, மாமியாருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு பக்திப் பாட்டை எடுத்தார். இம்முறை முனகல் இன்னும் நீளமாக வந்தது.

மறுபடி நிறுத்தி, மறுபடி புரண்டு, செம்மண் அங்கியோடு எழுந்தவர், இங்கேயே ஸ்பிரிங்கை எல்லாம் கழற்றிப் பார்த்துவிடப் போவதாகச் சொல்லி ஸ்பேனரை எடுத்தார். நலுயிமா பதறிப்போய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமியார் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, மகளை நடுவில் வைக்காமல், ஜன்னலுக்கு வெளியே இருந்த வாழைத்தோப்பைப் பார்த்தபடி பேசினார்.

"வண்டிய விடுங்க மருமகனே, அது தங்கமா ஓடுது. இத்தனை வருஷம் அந்தத் தடதடப்புல பாதி கேக்காம இருந்துச்சு, இன்னிக்கு முழுசும் கேக்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே பாடாம ஓட்டுங்க."