மிச்சத்தில் மிச்சம்

சிக்கனம் என்ற சொல்லை முதலில் கண்டுபிடித்தவர் கல்யாணமானவராகத்தான் இருக்க வேண்டும். சிக்கினவனுக்குத்தானே அதன் அருமை தெரியும்! நானும் சிக்கினேன். இன்றைய தேதியில் நான் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்டால், சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியாது. விரல்விட்டு எண்ணித்தான் சொல்ல வேண்டும். எண்ண ஆரம்பித்தால் விரல்களே குழம்பிவிடுகின்றன.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, வருகிறவர் மூக்கில் கனமான ஒரு ஃபிரேமை ஏற்றி, அதில் கண்ணாடிச் சில்லு மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இல்ல, இது தெளிவா?" என்று கேட்பது என் தொழில். ஊரார் பார்வையைத் தெளிவாக்குகிறவன் தன் பார்வையை எங்கே கோட்டை விட்டான் என்பதுதான் கதை.

சில மாதங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்காரன் கடைக்கு வந்தான். முதுகு பிடித்துவிடுகிற தலையணைக்கு ஏஜென்சி தருவதாகச் சொன்னான். ஸ்விட்சைப் போட்டால் தலையணைக்குள் இரண்டு உருண்டைகள் சுழன்று முதுகைப் பிசையும். அவனே ஒன்றை என் முதுகில் வைத்துக் காட்டினான். அந்த சுகத்தில் கண்ணை மூடியவன், கையெழுத்துப் போடும்போதுதான் திறந்தேன். அறுபதாயிரத்துக்குத் தலையணைகள் வந்து இறங்கின. மூன்று விற்றன. அதில் இரண்டு முதுகைப் பிடித்தன, மூன்றாவது வாங்கியவருடைய சட்டையைப் பிடித்தது. அவர் வந்து என் சட்டையைப் பிடித்தார். கம்பெனிக்காரன் போன் அன்றிலிருந்து அணைந்தே இருக்கிறது.

அந்த அறுபதாயிரம் மேல்வீட்டு மேனேஜர் சாரிடம் கடனாக வாங்கியது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "கொடுக்கிறேன் தம்பி. ஆனா மாசா மாசம் அஞ்சாயிரம் அசல், ஐந்நூறு வட்டி, தவறக் கூடாது" என்றார். நானும் ஒரு நிபந்தனை போட்டேன். "சார், என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியக் கூடாது." அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தப் பரிதாபத்துக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சம்பளம் முழுவதையும் மனைவி கையில் கொடுத்துவிட்டு, தினப்படிக்கு அவளிடமே கை நீட்டுகிற ஜாதி நான். எனக்கு ஏது ஐயாயிரத்து ஐந்நூறு? ஆகவே ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே, சரித்திரப் புகழ்பெற்ற அந்தத் தீர்மானத்தை எடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு அறிவித்தேன்.

"இன்னிலேர்ந்து இந்த வீட்டுல சிக்கனம்!"

மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"சிக்கனம்னா ஒரு அளவு வேணும்ல. மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கணும்?"

"அஞ்சாயிரத்து ஐந்நூறு."

"அஞ்சாயிரம் சரி. அதென்ன ஐந்நூறு, வால் மாதிரி?"

"அது வந்து... வளர்ச்சி."

"ஓகோ. மிச்சம் பிடிச்சதை என்ன பண்ணுவீங்க?"

"பேங்க்ல போடுவேன்."

"எந்த பேங்க்?"

"மேல... மேலத் தெருவுல புதுசா ஒண்ணு திறந்திருக்காங்க."

"சரிங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு வருஷ தாம்பத்தியத்தில் என் பேச்சுக்கு முதல் தடவையிலேயே அவள் 'சரி' சொன்னதில்லை. அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவள். எதையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் சரி போடுவாள்.

"யார் செலவுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர் செலவையும் குறைப்போம்."

"யோசனை சொன்னவங்க முதல்ல. அதுதானே மரியாதை?"

மரியாதை என்று வந்துவிட்டால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்றே என் பஸ் காசு போயிற்று, நடை வந்தது. சாயங்கால டீ போயிற்று, தலைவலி வந்தது. டீயோடு கடிக்கிற பிஸ்கட், துணிக்கு இஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விடைபெற்றன. கடைசியில் முடிவெட்டும் செலவுக்கு வந்தாள்.

"முடிக்கு எதுக்குங்க காசு? அதுவா வளருது, நானே வெட்டறேன்."

வெட்டினாள். மறுநாள் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், நான் போட்டுவிட்ட புதுக் கண்ணாடி வழியாக முதல்முதலாக என்னைத்தான் பார்த்தார். "பவர் சரியில்லை தம்பி. உங்க தலை ஒரு பக்கமா சரிஞ்சு தெரியுது" என்றார். பவரெல்லாம் சரிதான், தலையே அப்படித்தான் என்று சொல்லத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு தடவை சில்லு மாற்றுகிற மாதிரி பாவனை செய்தேன்.

மாதக் கடைசியில் மனைவி ஐயாயிரத்து ஐந்நூறை எண்ணி என் கையில் வைத்தாள். எனக்குப் புல்லரித்தது. அவள் காய்கறி வாங்கப் போன சமயம் பார்த்து மாடிக்கு ஓடினேன். மேனேஜர் சார் பணத்தை எண்ணக்கூட இல்லை. சூடான பாத்திரத்தை வாங்குகிறவர் மாதிரி இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின், அதாவது மேல்வீட்டு அக்காவின் இருமல் கேட்டது. "சரி, சரி, கிளம்புங்க" என்று கதவைச் சாத்தினார்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு ஜன்னல்களில் புதுத் திரைகள் ஆடின. அதற்கு அடுத்த மாதம் ஒரு புது மின்விசிறி சுழன்றது.

"ஏம்மா, ஃபேனையே போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நீ ஃபேனே வாங்கியிருக்கியே!"

"பழசு கரண்ட்டைக் குடிக்குதுங்க. இது சிக்கன ஃபேன்."

"பணம் ஏது?"

"மிச்சம் பிடிச்சது."

"மிச்சம் பிடிச்சதைத்தான் எங்கிட்ட குடுத்துட்டியே!"

"அது மிச்சம். இது மிச்சத்துல மிச்சம்."

"மிச்சத்துல எப்படி மிச்சம் வரும்?"

"அதுக்குப் பேருதாங்க சிக்கனம். நீங்கதானே ஆரம்பிச்சீங்க?"

நான் ஆரம்பித்ததுதான். மறுக்க முடியவில்லை. ஆனால் கடைக்கு நடந்துபோகும் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பளம் கூடவில்லை. அவள் ட்யூஷன் காசு அவள் போனுக்கும் பஸ்ஸுக்குமே போய்விடும் என்பது நானாக வெகுகாலமாக நம்பிவருகிற விஷயம். மாதா மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு வெளியே போகிறது. வீட்டில் பொருளோ சேர்ந்துகொண்டே போகிறது. செலவைக் குறைக்கக் குறைக்க வசதி பெருகுகிற வீட்டை நான் கேள்விப்பட்டதேயில்லை.

விடை ஒரு சனிக்கிழமை கிடைத்தது. கிடைத்ததாக நினைத்தேன். மேனேஜர் சாரிடம் அந்த மாதத் தவணையைக் கொடுத்துவிட்டு, அப்படியே கடைக்கு நடையைக் கட்டினேன். பாதி வழியில் சாப்பாட்டு டப்பாவை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தால், மாடிப்படியில் என் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் ரூபாய் நோட்டுகள். எண்ணிக்கொண்டே இறங்கினாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். அவள் எண்ணி முடித்து, மடித்து, கைப்பையில் வைத்து மூடினாள்.

எல்லாம் புரிந்துவிட்டது! பாவி மகள், மாதா மாதம் என் கையில் கொடுக்கிற பணத்தை மேனேஜர் சாரிடமே கடன் வாங்குகிறாள். அவரிடம் வாங்கி என்னிடம் கொடுக்கிறாள். நான் அதை அவரிடமே கொண்டுபோய்க் கட்டுகிறேன். என் வறட்டுக் கௌரவத்துக்காக, 'முடியாதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கடன்காரியாகிவிட்டாள்! திரையும் ஃபேனும்? அவையும் கடனாகத்தான் இருக்கும். வருத்தத்தில் வாங்கியிருப்பாள்.

அன்று கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்கிற இடத்தில், "இது கடனா, இது கடனா?" என்று கேட்டுவைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "ரொக்கம்தாங்க" என்றார்.

சாயங்காலம் நேரே மாடிக்குப் போனேன்.

"சார், ஒளிக்காம சொல்லுங்க. என் வீட்டுக்காரி உங்ககிட்ட எவ்வளவு வாங்கியிருக்கா?"

மேனேஜர் சார் முகம் வெளுத்தது.

"எங்கிட்டயா? உங்க வீட்டுக்காரியா?"

"நான் கண்ணால பார்த்தேன் சார். எவ்வளவு ஆனாலும் நான் பொறுப்பு. கடைசி வரைக்கும் கட்டறேன்."

"தம்பி, நீங்க நல்லவர். அதனாலயே ரொம்ப கஷ்டப்படுவீங்க. எனக்கு இந்த விஷயத்துல வாயைத் திறக்க அனுமதி கிடையாது."

"அனுமதியா? யாரோட அனுமதி?"

"யாருங்க அங்க?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கீழ்வீட்டுத் தம்பி! மோட்டார் போடச் சொல்லி வந்திருக்காரு!" என்று கத்திவிட்டு, என் தோளைத் திருப்பிப் படிக்கட்டில் விட்டார். வங்கியையே ஆண்ட மனிதர் எதற்கு இப்படி நடுங்குகிறார்? புரிந்த மாதிரி இருந்தது மறுபடியும் புரியாமல் போயிற்று.

இனி உண்மையைச் சொல்லிவிடுவதுதான் ஆண்மை என்று கீழே வந்தேன். மனைவி மேசை முன் உட்கார்ந்து பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, தலையணையிலிருந்து ஆரம்பித்தேன். கம்பெனிக்காரன், உருண்டைகள், அறுபதாயிரம், மேல்வீடு, இல்லாத பேங்க் என்று ஒன்றும் விடவில்லை.

"என் முட்டாள்தனத்துக்காக நீ போய் அவர்கிட்டக் கை நீட்டணுமா? இனிமே ஒரு பைசா வாங்காதே. உன் கடனையும் நானே அடைக்கிறேன்."

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"என் கடனா? எனக்கு ஏதுங்க கடன்?"

"நீ மேலேர்ந்து பணம் எண்ணிக்கிட்டு வந்ததைப் பார்த்தேனே!"

"அது கடன் இல்லீங்க. வசூல்."

"வசூலா?"

"மேனேஜர் சாருக்குப் பென்ஷன் வர்றது வாஸ்தவம். ஆனா அது நேரா அக்கா கைக்குத்தான் போகும். அவர் டீ குடிக்கவே அக்காகிட்டக் கேக்கணும். நீங்க போய் அறுபதாயிரம் கேட்டதும், ஜம்பத்துக்கு 'கொடுக்கிறேன்'னுட்டார். அப்புறம் அக்கா கால்ல விழுந்தார். அக்கா எங்கிட்ட வந்து சொன்னாங்க. என் ட்யூஷன் பணம் எட்டு வருஷமாச் சேர்ந்து கிடந்தது. எடுத்துக் குடுத்தேன்."

எனக்குத் தலை சுற்றியது. புது ஃபேன் தலைக்கு மேல் வேறு சுற்றியது.

"அப்போ... நான் கடன் வாங்கினது உங்கிட்டயா?"

"ஆமாங்க."

"மாசா மாசம் நீ எங்கிட்டக் குடுத்த பணம்?"

"நீங்க மேல குடுப்பீங்க. அக்கா கூப்பிடுவாங்க. நான் போய் வாங்கிட்டு வருவேன். வட்டியில பாதி அக்காவுக்கு. நடுவுல நின்னு வாங்கிக் குடுக்கறாங்க பாருங்க."

ஒரே பணம் வீட்டையே வட்டம் போட்டு வந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு வட்டி என்று பெயர் வைத்தார்களோ என்னவோ.

"இரு, இரு. உன் பணத்தை நீயே குடுத்து, நீயே திருப்பி வாங்கிக்கிட்டா கடன் எங்க அடையுது?"

"உங்க பஸ், உங்க டீ, உங்க இஸ்திரி, உங்க முடி. அதுலதாங்க அடையுது. வேற யார் சிக்கனமா இருந்தா இந்த வீட்டுல?"

ஒரு பக்கம் சரிந்த தலையைத் தடவிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் குடுத்தே? நேரா உங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன். தலையணைக்கு யாராவது அறுபதாயிரம் குடுப்பாங்களா?" அவள் குரல் தணிந்தது. "ஆனா மேல கிடைக்கலேன்னா நீங்க கந்துவட்டிக்காரன்கிட்டப் போயிருப்பீங்க. ஒரு மாசம் தவறினாலும் அவன் நாலு பேர் பார்க்கக் கதவைத் தட்டுவான். நீங்க அவமானப்பட்டு நிக்கறதை நான் பார்க்கணுமா?"

என் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்! உணர்ச்சிவசப்பட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதே வேகத்தில், இந்த நல்ல சமயத்தை வீணாக்கக் கூடாது என்றும் தோன்றியது.

"அப்போ மீதிக் கடன் தள்ளுபடிதானே?"

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"மேல ஏறி இறங்க வேண்டாம். இனிமே நேரா எங்கிட்டயே கட்டிடுங்க. அக்கா பங்கு மிச்சம்."

"அப்போ வட்டி பாதியாக் குறையும்!"

"ஏறும்."

"ஏறுமா? ஏன்?"

"இதுவரைக்கும் மேனேஜர் சார் உங்களுக்கு ஜாமீன். இப்போ யாரு ஜாமீன்? வெளியிலேர்ந்து யாராவது ஒருத்தரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, குறைக்கறதைப் பத்தி யோசிக்கறேன்."

"ஜாமீனா! நான் உன் புருஷன்!" என்றேன், ரோஷமாக.

"தெரியும். அதனாலதாங்க கேக்கறேன்."