நில்லு சாரின் நாலு கேள்வி

ஓடுகிற பொருள் நின்றுபோனால் எல்லோரும் பதறுவார்கள். நின்ற பொருள் ஓடத் தொடங்கினால் பதறிய ஒரே மனிதரை நான் காரைக்குடியில் பார்த்தேன். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தின் வாட்ச்மேனிலிருந்து டைரக்டர் வரைக்கும் அவர் 'நில்லு சார்'தான்.

எழுபதுகளில் நடந்தது இது. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் அறை இருந்தது. மெஷினுக்காக அங்கே ஏ.சி. போட்டிருந்தார்கள், அந்தக் குளிரில் கொஞ்சம் எங்களுக்கும் கிடைக்கும். நான் தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் புது ஆபரேட்டர். வேலை நிரந்தரமாக ஒரு வருஷம் ஆகும். "ஒரு வருசம் பாப்போம். நிலைச்சா போய்க்க, இல்லையா, கல்யாணம்" என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் தயார். எண்ணெய் மில் முதலாளி, என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர், பெண் பார்க்க வந்த அன்றே என் பல்லை உற்றுப் பார்த்தவர். நான் அந்த வேலையை எப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"நில்லுங்க. அசையாதீக."

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் டிபன் பாக்ஸ். பாம்பு கீம்பு இருக்கிறதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், சட்டைப் பையில் நாலு பேனா, கையில் நோட்டுப் புத்தகம், என் எதிரே வந்து நின்றார்.

"எந்த எடத்துல நிக்கிறீக? கையில என்ன வச்சிருக்கீக? எங்கிருந்து வந்தீக? அடுத்து எங்குட்டுப் போறீக?"

"வாசப்படியில. டிபன் பாக்ஸு. தேவகோட்டை. பாத்ரூமுக்கு" என்றேன்.

நாலையும் எழுதிக்கொண்டு, "சரி, போங்க" என்றார். நான் கதவைத் திறந்த நொடியில் மெஷினில் ஒரு விளக்கு கண் சிமிட்டியதாம். அதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்த்தாராம். பைத்தியக்காரரிடம் வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டோம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அவர் செய்துவந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்குள்ளே மற்ற புரோகிராம்களையெல்லாம் மேய்க்கிற தலைமைப் புரோகிராம் ஒன்று உண்டு. இப்போது அதன் நடுப்பகுதியைக் கெர்னல் என்கிறார்கள். நில்லு சார் அதற்கு 'காரியக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். பெரிய வீடுகளில் முதலாளிக்குப் பதிலாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாரே, அவர் மாதிரி. வேலைக்காரப் புரோகிராம் மயங்கி விழுந்தால் காரியக்காரர் சொல்லிவிடுவார். காரியக்காரரே மயங்கி விழுந்தால் யார் சொல்வது? அப்போது மெஷினை அப்படியே நிறுத்தி, உள்ளதை உள்ளபடி விசாரிக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நாலு கேள்வி. ஆரம்பத்தில் முகப்பு விளக்குகளைப் படித்தே விசாரித்துவந்தவர், பிறகு அதையே ஒரு சின்னப் புரோகிராமாக எழுதிவிட்டார். டைப்ரைட்டர் மாதிரி ஒன்று மெஷினோடு சேர்ந்திருக்கும். அதில் ஓர் எழுத்தைத் தட்டினால் பதில் காகிதத்தில் அச்சாகி வரும்.

"எந்த மெஷினா இருந்தா என்ன, ஆத்தா? நம்ம பக்கம் புது ஆளைக் கண்டா எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னுதான கேக்குறோம்? மதுரைக்காரருக்கு ஒரு கேள்வி, மலாயாக்காரருக்கு ஒரு கேள்வியா கேக்குறோம்? கேள்வி ஒண்ணுதான், பதில்தான் வேற" என்பார். புது மெஷின் வரப்போகிறது, அதிலும் தன் நாலு கேள்வி அப்படியே ஓடும் என்பதில் அவருக்கு ஊர்ப்பட்ட பெருமை.

பெருமை அறைக்குள்ளேயே இருந்திருந்தால் பரவாயில்லை. கானாடுகாத்தானில் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். முதல் பந்தியில் எங்கள் வரிசைக்குச் சோறு வரவில்லை. இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டும் காய்ந்துகொண்டிருந்தன. நில்லு சார் எழுந்தார்.

"பரிமாறுறவுக எல்லாரும் நில்லுங்க. யாரும் அசையாதீக."

அந்தக் குரலுக்கு ஒரு சக்தி உண்டு. இருபது பேர் வாளியும் கரண்டியுமாக நின்ற இடத்தில் நின்றார்கள். நாதஸ்வரம் நின்றது. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பெண்ணின் அப்பா வேட்டி அவிழ ஓடி வந்தார். நில்லு சார் ஒவ்வொரு வாளிக்கும் போய் நாலு கேள்வி கேட்டார். அடுக்களை வாசலில் விடை கிடைத்தது. சோற்றுக்காரர் கையில் சாம்பார்க் கரண்டி, சாம்பார்க்காரர் கையில் சோற்றுக் கரண்டி. முதலில் நீ கொடு, பிறகு நான் கொடுக்கிறேன் என்று பங்காளிகள் இருவரும் கால் மணி நேரமாக முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கரண்டி மாறியது, சோறு வந்தது. ஆனால் எங்களில் யாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இன்னொரு நாள், மெஷின் கணக்குப் போடுவது எப்படி என்று எங்களுக்குப் புரியவைக்க, வராந்தாவில் ஆளுக்கொரு சிலேட்டைக் கொடுத்து நிற்கவைத்தார். ஒருவர் எண்ணை வைத்திருக்க வேண்டும், அடுத்தவர் கூட்ட வேண்டும், இப்படி. ஓர் ஆள் குறைந்தது. அந்த வழியாகப் போன டைரக்டர் கையில் சிலேட்டைத் திணித்து, "ஏழுன்னு எழுதியிருக்கு சார். நான் சொல்ற வரைக்கும் அதை விட்ராதீக" என்றார். மெட்ராஸ்காரர், சீமையில் படித்தவர், எங்களைப் பார்த்துச் சிரித்தே அறியாதவர். இன்றோடு எல்லோர் சீட்டும் கிழிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டைரக்டர் ஏழைப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நின்றிருந்தார்.

புது மெஷின் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க, விற்ற கம்பெனியிலிருந்து நாக்பூர்க்கார இன்ஜினியர் ஒருவரும் வந்தார். நோட்டீஸ் போர்டில் அவர் பெயர் 'பிரகாஷ் விட்டல்' என்று இருந்தது. நாங்கள் எல்லோரும் 'விட்டல் சார்' என்று கூப்பிட்டோம். அவரும் ஒருமாதிரி பார்த்துவிட்டு வருவார். ஒரு மாதம் இப்படியே போனது.

அந்த ஒரு மாதமும் புது மெஷின் மத்தியானத்தில் நட்டுக்கொண்டது. விளக்குகள் அப்படியே நிற்கும், எந்த விசைக்கும் அசையாது. அந்த நேரத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது நான் ஒருத்திதான். விட்டல் சார் மெஷினைத் திறந்து பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆபரேட்டர்தான் எதையோ தவறாக அமுக்குகிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாளே எனக்கு மெமோ. ஏன் உங்களை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தது. எண்ணெய் மில்லின் வாசனை அங்கேயே வந்துவிட்டது.

"கவலைப்படாதீக, ஆத்தா. நாலு கேள்வியை இப்பத்தான் புது மெஷினுக்கு மாத்தி முடிச்சேன். மெஷினையே கேட்ருவோம்" என்றார் நில்லு சார்.

அடுத்த முறை மெஷின் நின்றதும் முதல் கேள்வியைத் தட்டினார். எந்த இடத்தில் நிற்கிறாய்? காகிதத்தில் எண் வந்தது. எந்த எண்ணில் காரியக்காரரின் எந்த வேலை என்று சொல்லும் பட்டியலை விரித்துவைத்து விரலை ஓட்டிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். முகம் வாடிப்போனது. ஆபரேட்டர் அமுக்கிய விசையை வாங்கிக்கொள்கிற இடம் அது.

"ஏதாச்சும் அமுக்குனீகளா?"

"இல்ல சார்."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆத்தா" என்றார். மெல்லத்தான் சொன்னார். அப்புறம் பேனாவை எடுத்து, மெஷின் நின்ற இடம் இன்னது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். காப்பாற்றுவார் என்று நம்பியிருந்த கை எனக்கு எதிராக எழுதுகிறது. அதைவிடக் கொடுமை, அந்தக் கையில் துளி வஞ்சம் இல்லை.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். நில்லு சார் சொன்னால் தவறாக இருக்காதே. என் வளையல் தெரியாமல் ஏதாவது விசையில் பட்டிருக்குமோ? இரண்டு கையிலும் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு வேலைக்குக் கிளம்பினேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டுப் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை நாள் வந்தது. முந்தின நாள் மத்தியானம் நின்ற மெஷின் அப்படியே நின்றிருந்தது. யாரும் தொடக்கூடாது என்று அதன் மேல் சிலேட்டை வைத்துவிட்டு நில்லு சார் சாட்சி சொல்ல வந்தார். டைரக்டர் அறையில் டைரக்டர், நாக்பூர்க்காரர், எழுதுவதற்கு ஒரு கிளார்க், நில்லு சார், நான். முதலில் இன்ஜினியரின் வாக்குமூலத்தைப் படித்தார்கள். கிளார்க் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திரு விட்டல்னு போட்ருக்கேன். இங்குட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. ஒரு மாதமாக அடக்கிவைத்ததை இங்கிலீஷில் கொட்டினார். "இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. விட்டல் என் அப்பா பெயர். அவர் நாக்பூரில் வீட்டில் இருக்கிறார். இந்த ஊருக்கு வந்ததே இல்லை. என் பெயர் பிரகாஷ்."

டைரக்டருக்கு அப்போதுதான் காபி வந்திருந்தது. டம்ளர் பாதி வழியில் நின்றது. "அப்போ ஒரு மாசமா நாங்க உங்களை..."

"என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்."

"அப்பா பேரு முன்னாடிதான வரும்?" என்றார் கிளார்க், நியாயமாக. எங்கள் பக்கத்தில் இன்ஷியல் முன்னால்தானே.

"எங்கள் பக்கத்தில் சொந்தப் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால்."

"நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. "யாரும் அசையாதீக."

சொல்லிவிட்டு நில்லு சார் எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் அசையவில்லை. டைரக்டர் டம்ளரை இறக்கவில்லை. காபியில் ஆடை கட்டியது. பிரகாஷ் விஷயம் தெரியாமல் கைக்குட்டை எடுக்கப் போனார், கிளார்க் உதட்டை அசைக்காமல் "வேணாம் சார்" என்றார். என் வேலை, என் கல்யாணம், எல்லாம் அந்த மூடிய கதவுக்கு அப்பால் இருந்தன.

கால் மணி கழித்து மெஷின் காகிதத்தோடு திரும்பி வந்தார்.

"இந்தப் பிள்ளை மேல தப்பில்ல சார். தப்பு என்னுது. மெஷினு நின்ன எடத்தோட நம்பரை ரெண்டு துண்டா வச்சிருக்கும். பழைய மெஷினு நம்ம ஊர்க்காரவுக மாதிரி, பெரிய துண்டு முன்னால, அப்பன் பேரு மாதிரி. புது மெஷினு இவுக ஊர் மாதிரி. சின்னது முன்னால, பெரியது பின்னால. நான் கேள்வி ஒண்ணுதான்னு இறுமாப்பா இருந்துட்டேன். பதிலை வாசிக்கிற மொறை வேறன்னு யோசிக்கல. அப்பனைப் பிள்ளைன்னு வாசிச்சுக் கையெழுத்தும் போட்ருக்கேன்."

"சோதிச்சுப் பார்க்கலையா?" என்றார் டைரக்டர்.

"பாத்தேன் சார். இருவத்திரெண்டு, இருவத்திரெண்டுன்னு போட்டுப் பாத்தேன். அதை எப்புடித் திருப்புனாலும் ஒண்ணுதான்."

டைரக்டர் டம்ளரை வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். "சரி, நேரா வாசிச்சா மெஷின் எங்கே நிக்குது?"

"காரியக்காரர் கடியாரம் பாக்குற எடத்துல."

"அதை எழுதினது யார்? கம்பெனியா?"

கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. பிரகாஷுக்கு மெஷினின் கம்பிகள்தான் தெரியும், புரோகிராம் தெரியாது. அதே மாதம்தான் நில்லு சாரின் பதவி உயர்வுக் காகிதம் டைரக்டர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பத்து வருஷமாக அவர் எதிர்பார்த்த காகிதம். அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

"நான்தான் சார். போன மாசம் நான் எழுதிச் சேத்தது. அந்த மெமோவை என் பேருக்கு மாத்திருங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன், அழுகையா வேறு ஏதாவதா என்று எனக்கே தெரியவில்லை. மெமோ அவர் பெயருக்கு மாறியது. கடிகாரம் பார்க்கிற பகுதியில் மூன்று வரியை அவர் திருத்தினார், மெஷின் அதன்பிறகு மத்தியானத்தில் நிற்கவில்லை. பதவி உயர்வு, சிலேட்டைக்கூடப் பிடிக்கத் தெரியாத ஒருவருக்குப் போனது. என் வேலை நிரந்தரமானது. எண்ணெய் மில் முதலாளி வேறு இடத்தில் பல் பார்க்கப் போனார்.

மறுநாள் நன்றி சொல்ல அவர் மேஜைக்குப் போனேன். அவர் கோபமாக இருந்தார்.

"நான் தப்பாக் கையெழுத்துப் போட்டப்ப நீங்க ஏன் எங்கிட்டச் சண்டை போடல?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார். எங்கையிலதான் தப்புன்னு வளையலைக்கூடக் கழட்டிப் பாத்தேன்."

ஊரையே அதிரவைத்த மனிதர் அன்றைக்குத்தான் அதிர்ந்தார். என் வெறுங்கையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"இனிமே யாரையும் இப்புடி நம்பாதீக, ஆத்தா" என்றார்.

அவர் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. அந்த ஒன்றை மட்டும் கேட்க முடியவில்லை. அவரை இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.