கொடித் துணியில் தைத்த பிரேசில்

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதையாவது தெரிந்துகொண்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் சோறு இறங்காது. கேட்கிறவர் யார், இடம் என்ன, நேரம் என்ன என்றெல்லாம் அந்த வியாதி பார்க்காது. (இப்போதும் பார்ப்பதில்லை. இதைப் படிக்கிறீர்களே, உங்களுக்கே புரியும்.)

2006-ல் அது முற்றிப் போயிருந்தது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தேன். வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பிரேசில் நாட்டுக் கால்பந்துக் கிளப் ஒன்றின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அடடா, என்ன வரலாறு! ஆரம்பத்தில் அவர்கள் படகுப் போட்டிக்குப் படகு விடுகிறவர்கள். பந்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. வேறொரு கிளப்பில் கோபித்துக்கொண்டு வந்த ஆட்டக்காரர்கள் இங்கே கால்பந்தை ஆரம்பித்தபோது, படகுக்காரர்கள் தங்கள் சட்டையைத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சரியென்று சிவப்பும் கறுப்பும் கட்டங்கட்டமாக ஒரு சட்டை போட்டார்கள். பார்க்கக் காத்தாடி மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்தது. பிறகு சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளைக் கோடு விட்டார்கள். அதற்குள் உலகப் போர் வந்து, அது எதிரி நாட்டுக் கொடி மாதிரி தெரிய, வெள்ளையை எடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்த மனுஷனுக்குச் சட்டை விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும் என்றுதானே தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியது, நம் ஊர்க் கால்பந்து டீமுக்கும் அதே சட்டை தைக்க வேண்டும், அந்த வெள்ளைக் கோட்டோடு!

எங்கள் டீம் அதுவரை எந்தப் போட்டியிலும் முதல் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. அந்த வருடம் எப்படியோ அரியலூரில் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். கேப்டனும் கோல்கீப்பரும் என் மாமன் மகன் பழனிவேல். "மச்சான், ஒரே ஒரு கப்பு. அது போதும் எனக்கு" என்று கோயில் கோயிலாக அலைந்தான்.

சட்டைப் பொறுப்பு என்னுடையது. சட்டமன்றத் தேர்தல் நேரம். தையல்கடை பாய் கழுத்து வரைக்கும் கொடி ஆர்டரில் மூழ்கிக் கிடந்தார். நான் நிறங்களைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கருப்பு, செவப்பு, வெள்ளையா? மூணுமே வெட்டுனது போக மிச்சம் கெடக்கு தம்பி. இன்ஷா அல்லா, நாளைக்கே வந்து வாங்கிக்கங்க."

நம் ஊரில் கறுப்பு சிவப்புக்கு நடுவே வெள்ளை ஓடினால் ஒரு கட்சி, ஓடாவிட்டால் இன்னொரு கட்சி. கரைவேட்டியைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்கும் அது தெரியும். எனக்கு உறைக்க வேண்டுமே! பிரேசிலில் இருந்தவனுக்குப் பெரம்பலூர் எங்கே ஞாபகம் இருக்கும்?

ஃபைனல் அன்று புதுச் சட்டையோடு வேனில் கிளம்பினோம். நாலு மணிக்கு மைதானத்தில் இல்லாவிட்டால் ஆடாமலே கப் எதிரணிக்குப் போய்விடும். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். உள்ளே அடுப்பில் உட்கார்ந்த மாதிரி வேர்த்துக் கொட்டியது. உற்சாகம் குறையக் கூடாதே என்று நான் ஜன்னலில் தலையை நீட்டி, "வெற்றி நமதே!" என்று கத்திக்கொண்டு வந்தேன்.

தேர்தல் பறக்கும் படை கை காட்டி நிறுத்தியது. கண்ணாடி போட்ட ஒரு மேடம்தான் அதிகாரி.

"எந்தக் கட்சி? வண்டிக்குப் பர்மிஷன் இருக்கா?"

பழனிவேலைப் பேச விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் முந்திக்கொண்டேன்.

"கட்சி இல்லீங்க மேடம். இது பிரேசில்."

"அப்படி ஒண்ணு இருக்கா? சின்னம் என்ன?"

"ஆரம்பத்துல படகுங்க மேடம்."

பக்கத்தில் நின்ற ஏட்டு, "சுயேச்சைங்க மேடம்" என்றார்.

"மச்சான், உன் கால்ல விழுறேன், வாய மூடு" என்று பழனிவேல் பின்னாலிருந்து கெஞ்சினான். மூடினேனா? படகில் ஆரம்பித்துக் காத்தாடிக்கு வந்து, உலகப் போருக்குள் நுழைந்தேன். "அந்த வெள்ளைய மட்டும் எடுத்தாங்க பாருங்க மேடம், பிரச்சினையே தீந்துபோச்சு!"

"வெள்ளைய எடுத்தா எந்தக் கட்சின்னு எனக்கே பாடம் எடுக்கிறியா?" மேடம் என் சட்டை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "ஏட்டு, இது கொடித் துணி! எல்லாரும் கழட்டுங்க. சட்டை இங்க இருக்கட்டும்."

மணி மூன்றரை. பழனிவேல் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டைகளைக் கழற்றினோம்.

முதலில் ஏட்டுதான் சிரித்தார். பிறகுதான் குனிந்து பார்த்தேன். கழுத்திலிருந்து தொப்புள் வரை சிவப்பும் கறுப்பும் பட்டை பட்டையாக இறங்கியிருந்தன. வெள்ளை இருந்த இடத்தில் மட்டும் அவரவர் சொந்த நிறம். நனைக்காத புதுத் துணி, சித்திரை வெயில், ஊற்றிய வேர்வை!

"மேடம், இவனுவ கழட்டியும் போட்டுக்கிட்டுதான் நிக்கிறானுவ!" என்றார் ஏட்டு.

மேடம் எங்களை வரிசையாகப் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "இத நான் எப்படிய்யா பறிமுதல் பண்றது?" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போங்க, போயி ஜெயிச்சுட்டு வாங்க. சட்டைய வர்றப்ப வாங்கிக்கலாம்."

நாலு மணிக்குத் தலைதெறிக்க ஓடி மைதானத்துக்குள் நுழைந்தோம். நடுவர் சிரித்துக்கொண்டே வெற்றுடம்போடு ஆடச் சம்மதித்தார். முதல் பாதியில் ஒரு கட்சிக்காரர்கள் விசில் பறக்க விட்டார்கள். இடைவேளைக்குள் வேர்வையில் சாயம் பரவி நடுக்கோடு காணாமல் போனது. அவ்வளவுதான், இரண்டாம் பாதியில் மற்ற கட்சிக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். இடைவேளையில் கட்சி மாறிய ஒரே டீம் நாங்கள்தான். கோல்போஸ்ட்டில் நின்ற எதிரணிக் கீப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நேரத்தில் பந்து உள்ளே போனது. கப் எங்களுக்கு! பழனிவேல் அதைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கப்பும் கறுப்பு சிவப்பாகிவிட்டது.

சாயம்தான் போகவில்லை. தேர்தல் முடிவு வந்த பிறகும் அம்மா தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பாடு பழனிவேலின் தங்கையைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். கதை முழுதும் அவளோடு சீர்வரிசையாக வந்து சேர்ந்தது. இன்றைக்கும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்று, "அண்ணன் நம்ம ஆளுதானே?" என்றால் போதும், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"இருங்க, தேங்கா நார் எடுத்துட்டு வரேன். நீங்களே தேச்சுப் பாத்துக்கங்க."