விதோமிரின் செப்புத் தகடு

பிரோட் ஊரே திரண்டு வந்துவிட்டது! விறகு வேண்டாம், எரிவாயு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மகான் விதோமிர் மந்திரித்த செப்புத் தகட்டைச் சுவரில் மாட்டினால் போதும், பனிக்காலம் முழுக்க வீடு கதகதவென்று இருக்குமாம். யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!

மகிமையைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்தது விற்பனைக்கு இருந்த ஒரு வீடு. அதில் குளிர்காய அடுப்பும் இல்லை, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயும் இல்லை. விற்பவரும் அவரேதான். வாங்க வந்தவன் கோஸ்தா. அவன் மனைவி தெசங்காவுக்கு ஜனவரியில் பிரசவம். அவள் பார்த்து வைத்ததோ பீங்கான் ஓடு பதித்த விறகடுப்பு உள்ள எதிர்வீடு.

முப்பது பேர் ஒரே அறையில். சன்னல்களை இறுக்கிச் சாத்தியாயிற்று. வீட்டுக்குள் காற்று குறுக்கே ஓடினால் கழுத்து பிடிக்கும், காது போகும், ஆளே போய்விடுவான் என்பது எங்கள் செர்பியர்களின் வேதம். பிளம் சாராயமும் சுற்றி வந்தது. சற்று நேரத்தில் ஆளாளுக்குக் கோட்டைக் கழற்றினோம்.

"பாத்தீங்களா, தகடு வேலை செய்யுது!" விதோமிர் வியர்வையைத் துடைத்தார்.

"அடேயப்பா! இதையே வாங்கிடலாம் தெசங்கா!"

"நீ சும்மா இரு," என்றாள் அவள். "ஐயா, இந்தச் சூடு தகட்டுலேருந்து வருதா, கூட்டத்துலேருந்து வருதா? சன்னலைத் திறந்து விடுறேன். எல்லாரும் வெளியே போறோம். அப்புறம் சாத்திட்டு நீங்களும் தகடும் மட்டும் உள்ள இருங்க."

சன்னலைத் திறப்பதா! கழுத்தைப் பொத்திக்கொண்டு ஓடினோம்.

"கோட்டையும் குடுங்க ஐயா. தகடு இருக்கும்போது அது எதுக்கு?"

மறுக்க முடியுமா? ஊரே பார்க்கிறதே!

எதிர்க் கடையில் சூடான பூரெக் தின்றுவிட்டு வந்து எட்டிப் பார்த்தோம். மகான் கோலோ ஆடிக்கொண்டிருந்தார். ஊரே கைகோத்து ஆடும் ஆட்டத்தைத் தன்னந்தனியாக, சன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு!

கதவு திறந்தது. பல் தந்தியடித்தது. "கோ... கோட்டைக் குடும்மா!"

"தகடு?"

"அது வெறும் செம்பும்மா!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். கோஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. "பச்சப் புள்ளைய விறைக்க விட்டிருப்பேனே!" என்று அழுதேவிட்டான். அன்றே அடுப்பு வீட்டைப் பேசி முடித்தார்கள்.

"தகடு இன்னிக்குக் களைச்சுப் போச்சோ என்னவோ," என்று முணுமுணுத்தார் பக்கத்துவீட்டு ராதிவோயே.

அட என் ஊர்க்காரர்களே! அறையைச் சூடாக்கியது நம் உடம்பு. அதை நம்மிடமே விற்கப் பார்த்தான் ஒருவன். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அது கம்பளித் தொப்பி மாட்ட மட்டும்தானா?