மிஸஸ் பாஸ்கோ வீட்டுப் புல்

ட்ரெய்லரிலிருந்து எந்திரத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்த வாரனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மிஸஸ் பாஸ்கோ வீட்டுப் புல்லை யாரோ ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள்.

ஏனோதானோ என்று வெட்டவில்லை. வேலியோரம், மாமரத்தடி, படிக்கட்டு இடுக்கு என்று ஒரு மூலை பாக்கியில்லை. வாரன் குனிந்து கையால் தடவிப் பார்த்தான். தன் எந்திரம்கூட இத்தனை சீராக வெட்டாது என்பதை ஒப்புக்கொள்ள மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

திருடன் வந்தால் எதையாவது தூக்கிக்கொண்டு போவான். வீட்டுக்குள் புகுந்து பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டுப் போன திருடனை யாராவது கேள்விப்பட்டதுண்டா?

மேலே வராந்தாக் கதவு திறந்தது. மிஸஸ் பாஸ்கோ எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியா தம்பி? அடடா, சத்தமே கேக்கல, அதுக்குள்ள முடிச்சிட்டியே! பிரமாதம்!"

வாரன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான்.

அதற்குக் காரணம் இருந்தது. சர்க்கரை ஆலை வேலை போன பிறகு, கையிலிருந்ததையெல்லாம் கொட்டித்தான் இந்தத் தொழிலை ஆரம்பித்திருந்தான். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் மழைக்காலத்தில் புல் பார்க்கப் பார்க்க வளரும். குளிர் வந்தால் புல் தூங்கிவிடும், புல் வெட்டுகிறவன் வீட்டு அடுப்பும் கூடவே தூங்கிவிடும். வருஷம் பூராவும் வேலை தரக்கூடிய இடம் ஊரில் ஒன்றுதான். வெள்ளை உடுத்திய பெரியவர்கள் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப். அதன் புல்தரையைப் பராமரிக்க இந்த மாதக் கடைசியில் ஆள் எடுக்கிறார்கள். கமிட்டித் தலைவி மிஸஸ் பாஸ்கோ. "முதல்ல என் வீட்டுப் புல்லை வெட்டு, பார்க்கலாம்" என்று, தெருமுனை வீட்டில் அவன் வெட்டுவதைப் பார்த்துவிட்டு அவரேதான் போன் செய்து கூப்பிட்டிருந்தார். முதல் இரண்டு வியாழனும் அவனேதான் வெட்டினான்; இது மூன்றாவது.

ஆக, இது வாரனின் பரீட்சை. யாரோ எழுதிவிட்டுப் போகிறார்கள், மார்க் மட்டும் அவனுக்கு.

"கூலியை மாசக் கடைசில வாங்கிக்கறேங்க" என்று நழுவப் பார்த்தான். மனசாட்சி விடவில்லை. சும்மா போவானேன் என்று வேலிச்செடியைக் கத்தரித்துவிட்டுப் போனான்.

வீட்டில் மனைவி கோரல் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஓசில வேலை முடிஞ்சிருக்கு. அதுக்கு ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"யாரோ என்னைக் கவுக்கப் பார்க்கறாங்க கோரல். கிளப் வேலையைத் தட்டிட்டுப் போகத்தான்."

"கவுக்கறவன் உனக்கு நல்ல பேர் வாங்கித் தருவானா?"

வாரனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு ருசிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமையும் புல் வெட்டியிருந்தது. கூடவே, அவன் கத்தரித்த வேலிச்செடியை யாரோ இன்னும் ஒழுங்காகக் கத்தரித்து, மேல்பகுதியை மட்டம் பார்த்து வைத்திருந்தார்கள். ரோஷம் வந்து, வாரன் மாடிப்படியைத் தேய்த்துக் கழுவிவிட்டான். அதற்கடுத்த வாரம் படிக்குப் புதுசாய் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது.

இனி கிழமையை மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தான்.

"இந்த வாரம் புதன்கிழமையே வந்துடறேங்க" என்று போனில் சொன்னான்.

"புதன்கிழமையா!" மிஸஸ் பாஸ்கோ தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "சரி தம்பி! புதன்கிழமை காலைல வர்றே! நல்லது!"

பாவம், காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது என்று வாரன் இரக்கப்பட்டான்.

புதன்கிழமை போனான். புல் வெட்டியிருந்தது.

அன்று சாயங்காலமே டாரிலைத் தேடிக்கொண்டு பாருக்குப் போனான். ஊரில் புல் வெட்டும் இன்னொரு ஆள் டாரில். மூன்று எந்திரமும் மூன்று பங்கு வாயும் உள்ளவன்.

"மச்சான், நேரா கேக்கறேன். பாஸ்கோ அம்மா வீட்டுப் புல்லை நீதானே வெட்டறே?"

டாரில் பீரைக் கீழே வைத்தான். "என்னது? என் வேலையையே முடிக்க முடியாம நாக்குத் தள்ளுது. இதுல உன் வேலையை வேற ஓசில செஞ்சு தர்றேனா? வெயில்ல தொப்பி போட்டுட்டுப் போடா."

"அப்ப யாரு வெட்டறது?"

"அப்போ நீ வெட்டலையா?" டாரிலின் கண் சின்னதாயிற்று. "கமிட்டில உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடறாங்கன்னு கேள்விப்பட்டேனே. அடப்பாவி. அப்ப அந்த வேலைக்கு நானும் எழுதிப் போட்டுடறேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்று. வாரன் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீடு திரும்பினான்.

"விடியறதுக்குள்ள போய் ஒளிஞ்சு பாரேன்" என்றாள் கோரல். அவளுக்கும் இப்போது ஆவல் தாங்கவில்லை. பிளாஸ்கில் டீயும் ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த முறை வெட்டப் போகும் நாளில், விடியுமுன்பே தெருமுனையில் வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தான் வாரன். கிழக்கு வெளுத்தது. எங்கோ ஒரு குக்கபரா பறவை கெக்கெக்கென்று சிரித்தது. மிஸஸ் பாஸ்கோவின் பக்கத்து வீட்டுக் கேட் திறந்து, கையால் தள்ளும் பழைய எந்திரத்தோடு ஒருவர் வெளியே வந்தார். எஞ்சினே இல்லாத அந்த எந்திரத்தில் எங்கே சத்தம் வரும்?

வந்தவர் லெஸ். ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். விடிகாலையில் புல் வெட்ட வந்த மனுஷர் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வாரன் இறங்கி ஓடினான்.

"பெரியவரே! என்ன இது?"

லெஸ் திடுக்கிட்டார். அடுத்த நிமிஷம் முகம் சிவந்தது. "நான் கேக்கறேன், நீ யாருடா? வேலியைக் கத்தரிக்கறே, படியைக் கழுவறே, கூலிகூட வாங்காம இளிச்சுட்டுப் போறே. கேக்க ஆளில்லாத பொம்பளைன்னு நினைச்சியா?"

வாரனுக்கு விஷயம் மெல்லத்தான் உறைத்தது.

"ஐயோ, எனக்குப் பொண்டாட்டி இருக்காங்க!"

"அது இன்னும் மோசம்டா!"

வாரன் கிளப் வேலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். லெஸ்ஸின் கோபம் வடிந்து, கூச்சம் வந்து உட்கார்ந்தது. மாமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே தம்பி. நான்தான்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல நான் தலைகாட்ட முடியாது."

"சொல்ல மாட்டேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தான் வாரன். செய்த பிறகுதான், தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டது புரிந்தது.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. தேங்காய்ப்பூ ஒட்டிய லாமிங்டன் கேக்கும் டீயும் சுற்றி வந்தன. மிஸஸ் பாஸ்கோ நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கும் செயலாளர் டோரீன்.

"வாரனோட வேலை எப்படின்னு என் வீட்டுப் புல்லே சொல்லும்" என்றார் மிஸஸ் பாஸ்கோ.

டாரில் எழுந்தான். "சொல்லுமே! அந்தப் புல்லை இவன் ஒருநாள்கூட வெட்டினதில்லை. வேற யாரோ வெட்டறாங்க. வேணும்னா அவனையே கேளுங்க."

எல்லோரும் வாரனைப் பார்த்தார்கள். அவன் கேக்கைத் தட்டில் வைத்தான்.

"நிஜம்தாங்க. முதல்ல ரெண்டு தடவை வெட்டினேன். அப்புறம் நான் வர்றதுக்கு முன்னாடியே வெட்டியாயிடுது."

"யாரு வெட்டறாங்க?" என்றான் டாரில்.

வருஷம் பூராவும் எரிய வேண்டிய அடுப்பு வாரனின் கண்ணுக்குள் வந்தது. மாமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசிய லெஸ்ஸும் வந்தார்.

"அதை நான் சொல்ல மாட்டேன். சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்துட்டேன். கிளப் வேலை இல்லேன்னாலும் பரவாயில்லை." தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தான்.

மிஸஸ் பாஸ்கோவின் முகம் சிவந்துபோயிருந்தது. டோரீன் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எங்கே ஓடறே? உட்காருப்பா, கிளப் வேலை உனக்குத்தான். நீ தெருமுனை வீட்டுல வெட்டறதை நாங்க மாசம் பூரா பார்த்தாச்சு. இவ வீட்டுக்கு உன்னைப் புல் வெட்டவா கூப்பிட்டோம்? நாலு வருஷமா வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு 'குட் மார்னிங்' சொல்லிட்டிருந்த மனுஷனை இந்தப் பக்கம் வரவழைக்கத்தான் கூப்பிட்டோம். அடுத்த வாரத்துலேர்ந்து என் வீட்டுக்கும் வந்துடு, என் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் 'குட் மார்னிங்'லயேதான் நிக்கறார்!"